ஒரே அர்த்தம் போதுமாம்!

அக்கா மகளின் இங்கிலீஷ் டெஸ்ட் பேப்பரில் சிவப்பு மையில் பெரிய இன்ட்டு. ‘ட்ராட்டர்’ என்றால் என்ன? பிள்ளை ‘ஆட்டுக்கால்’ என்று எழுதியிருக்கிறாள். தப்பாம். ‘ஓடும் குதிரை’ என்று எழுத வேண்டுமாம். ஸ்கூலில் போய்க் கேட்டேன். “கைடுல என்ன இருக்கோ அதுக்குத்தான் சார் மார்க்” என்றார்கள்.

வயிறு எரிகிறது. ஆட்டுக்கால், பன்றிக்கால் எல்லாம் இங்கிலாந்துச் சமையலறையில் ட்ராட்டர்தானே? நம்மூர்க் கறிக்கடை ஆப்பைத் திறந்தாலும் அந்தப் பேர்தானே கண்ணில் படுகிறது? பிள்ளை அதைப் பார்த்து ஞாபகம் வைத்து எழுதினாள். அதற்கா இன்ட்டு?

சரி, குதிரை என்றே வைத்துக்கொள்வோம். அதையாவது ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தார்களா? எந்தக் குதிரைதான் ஓடாது? ட்ராட்டர் ஓடுவது ட்ராட் என்ற தனி நடையில். இடது முன்னங்காலும் வலது பின்னங்காலும் ஒன்றாக எழும்பும். அடுத்து மற்ற ஜோடி. டக் டக், டக் டக் என்று இரண்டே தட்டு. இந்த நடைக்காகவே 18-ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவில் அலெக்சி ஓர்லோவ் என்ற பிரபு ஒரு தனிக் குதிரை இனத்தையே உருவாக்கினார். அமெரிக்காவில் ட்ராட்டர் குதிரைகளை இரண்டு சக்கர வண்டியில் பூட்டி ரேஸ் விடுகிறார்கள். அதில் குதிரை நாலுகால் பாய்ச்சலுக்கு மாறிவிட்டால் தப்பு. இழுத்துப் பிடித்துப் பழைய நடைக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும்.

இன்னொன்று கேளுங்கள். இந்த நடையில் நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புமா? லேலண்ட் ஸ்டான்ஃபோர்டு என்ற அமெரிக்கப் பணக்காரருக்கு இந்தச் சந்தேகம். அவருக்காக மைப்ரிட்ஜ் என்ற போட்டோகிராபர் 1878-இல் 12 கேமராக்களை வரிசையாக வைத்துப் படம் பிடித்தார். ஆமாம், எழும்புகிறது! பின்னால் சினிமா பிறந்ததற்கு இந்தப் படங்களும் ஒரு காரணம். வகுப்பில் சொன்னால் எந்தப் பிள்ளை வாய் பிளந்து கேட்காது?

‘ட்ராட்’ என்ற சொல்லே பழைய பிரெஞ்சிலிருந்து இங்கிலீஷுக்கு வந்தது. அதற்கும் முந்தைய வேர் ஜெர்மானிய மொழிகளில். காலடி வைப்பதைச் சொல்லும் ‘ட்ரெட்’ என்ற இங்கிலீஷ் சொல்லுக்கு உறவு. குதிரையும் ஆட்டுக்காலும் ஒரே பேரில் வந்து நிற்பது ஏன் என்று இதிலேயே தெரிந்துவிடுகிறதே! ஐந்து நிமிஷம் ஆகுமா இதைச் சொல்ல? போர்ஷன் முடிக்க வேண்டுமாம், நேரமில்லையாம்.

இங்கிலீஷை விடுங்கள். குதிரை நடையை மயூரகதி, வானரகதி என்று ஐந்தாகப் பிரித்துப் பஞ்சகதி என்று தமிழில் பேர் வைத்திருக்கிறார்கள். எத்தனை அழகான பேர்கள்! அதைக் கேட்டாலும் சிலபஸில் இல்லை என்றுதான் சொல்லப்போகிறார்கள்.