இந்தக் குறுக்கு வழி நல்ல வழி!

அன்பு மாணவச் செல்வங்களே!

"குறுக்கு வழியில் போகாதே... நேர் வழியில் போ!" என்று முப்பது வருடங்களுக்கு மேல் வகுப்பறையில் சொல்லிச் சொல்லி ஓய்ந்த ஆசிரியை நான். இன்று அதே வாயால், "குறுக்கு வழியில் போங்கள்" என்று சொல்லப் போகிறேன். டீச்சருக்கு என்ன ஆச்சு என்று ஒருவரை ஒருவர் பார்க்காதீர்கள். நான் சொல்வது கம்ப்யூட்டரில் இருக்கும் குறுக்கு வழிகளை. 'ஷார்ட்கட் கீ' என்பீர்களே, அதேதான்.

முதலில் என் கதையைக் கேளுங்கள்.

அது 2008-ம் ஆண்டு. எங்கள் பள்ளியில் சத்துணவு சமைத்துப் போட்ட அம்மா ஓய்வு பெறும் நாள் நெருங்கியது. அவர் கையால் சாப்பிட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். அவருக்கு ஒரு வாழ்த்து மடல் வாசித்துக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வேடசந்தூர் கடைவீதியில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். கையால் எழுதி எடுத்துக்கொண்டு போகாமல், நேராகக் கம்ப்யூட்டரிலேயே எழுத ஆரம்பித்தேன். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டி, இரண்டு மணி நேரத்தில் ஒன்றரைப் பக்கம் முடித்தேன். எழுதும்போதே கண் கலங்கியது. அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

'டப்'பென்று கரன்ட் போயிற்று.

தமிழ்நாடு முழுவதும் மின்வெட்டு கடுமையாக இருந்த காலம் அது. அரை மணி நேரம் கழித்துக் கரன்ட் வந்தது. என் ஒன்றரைப் பக்கம் வரவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த ஏழாம் வகுப்புப் பையன் மெதுவாகக் கேட்டான்: "டீச்சர், நடுநடுவுல கன்ட்ரோல் எஸ் தட்டலையா?"

"அப்படின்னா என்னப்பா?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. என் கையைப் பிடிக்காத குறையாக இரண்டு விசைகளையும் காட்டிக் கொடுத்தான். மறுபடி உட்கார்ந்து எழுதினேன். ஆனால், முதல் தடவை வந்த வார்த்தைகள் இரண்டாம் தடவை வரவே இல்லை. இன்றைக்கும் அந்த அம்மாவை வழியில் பார்த்தால், நான் சொல்ல நினைத்த அந்த நல்ல வரிகள் தொலைந்து போன வருத்தம்தான் முதலில் வரும்.

இரண்டு விசைகள்... ஒரு நொடி. அது தெரிந்திருந்தால் போதும். அன்று முதல் அந்தப் பையன்தான் எனக்கு வாத்தியார்!

எங்கள் ஊரைச் சுற்றி நூற்பாலைகள் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். உங்கள் அம்மாவோ அக்காவோ அங்கே வேலைக்குப் போகலாம். ஓடுகிற மெஷினில் இழை அறுந்தால், பழகிய கை கண் மூடித் திறப்பதற்குள் அதை இணைத்துவிடும். கையைப் பார்த்து யோசித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். விரலே யோசிக்கும். ஷார்ட்கட் கீயும் அப்படித்தான். விரலுக்குப் பழகிவிட்டால், மூளை தன் சொந்த வேலையைப் பார்க்கலாம்.

யார் கண்டுபிடித்தார்கள் இதையெல்லாம்?

முதலில் மவுஸ். அமெரிக்காவின் டக்ளஸ் எங்கெல்பர்ட் என்பவர் யோசனை சொல்ல, பில் இங்கிலீஷ் என்ற பொறியாளர் 1964-ல் முதல் மவுஸைச் செய்தார். அது ஒரு மரக்கட்டை! அடியில் இரண்டு உலோகச் சக்கரங்கள், மேலே ஒரே ஒரு பொத்தான். 1968 டிசம்பர் 9-ம் தேதி சான் பிரான்சிஸ்கோ நகரில் எல்லோர் முன்னிலையிலும் அதை இயக்கிக் காட்டினார் எங்கெல்பர்ட்.

அடுத்து, வெட்டுவதும் ஒட்டுவதும். அந்தக் காலத்தில் பத்திரிகை அலுவலகங்களில், ஒரு பத்தியை இடம் மாற்ற வேண்டும் என்றால் கத்தரிக்கோலால் நிஜமாகவே காகிதத்தை வெட்டி, பசை தடவி வேறு இடத்தில் ஒட்டுவார்கள். 1970-களின் நடுவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்த லாரி டெஸ்லர், டிம் மாட் என்ற இருவர் அந்த வேலையைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தார்கள். பிறகு ஆப்பிள் நிறுவனம் 1983-ல் வெளியிட்ட 'லிசா' கம்ப்யூட்டரில் இதற்காக இசட், எக்ஸ், சி, வி என்ற நான்கு விசைகள் வந்தன. கீபோர்டைப் பாருங்கள், நான்கும் கீழ் வரிசையில் அண்ணன் தம்பிகள் மாதிரி ஒட்டி நிற்கும். எக்ஸ் என்றால் அடித்து நீக்கும் பெருக்கல் குறி. சி என்றால் காப்பி. வி என்றால் 'இங்கே செருகு' என்று காட்டும் குறி போன்ற வடிவம். டெஸ்லர் 2020-ல் தமது 74-வது வயதில் காலமானார். அவர் பெயர் தெரியாமலேயே உலகம் முழுக்க அவருடைய வேலையால் தினம் தினம் பயன் பெறுகிறோம்.

கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்துவீர்களே, அதை அமைத்தவர் ஐ.பி.எம். நிறுவனத்தின் டேவிட் பிராட்லி. அந்நாளில் அந்த மூன்றையும் அழுத்தினால் கம்ப்யூட்டர் மறுபடி தொடங்கிவிடும். அவர் முதலில் டெலீட்டுக்குப் பதில் எஸ்கேப் விசையைத்தான் வைத்தாராம். ஆனால், மூன்றும் இடது பக்கம் இருந்தால் தெரியாமல் கை பட்டுவிடுமே! அதனால் ஒன்றை மட்டும் வலது பக்கத்துக்குத் தள்ளிவிட்டார். இரண்டு கை வேண்டும். வேண்டுமென்றே அழுத்தினால்தான் வேலை செய்யும். வீட்டில் மருந்துப் பாட்டிலை உயரமான அலமாரியில் வைப்பார்களே அம்மா, அதே யோசனைதான்.

சரி, நம்ம தமிழுக்கு வருவோம். இங்கேதான் எனக்குப் பெருமை தாங்கவில்லை!

தமிழில் 247 எழுத்துகள். 247 விசைகள் உள்ள கீபோர்டு என்றால் மேஜை போதுமா? போதாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழிணையம் 99' மாநாடு நடந்தது. அதையொட்டி உருவானதுதான் 'தமிழ் 99' விசைப்பலகை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 விசைகளே போதும். உயிரெழுத்துகள் எல்லாம் இடது கைப் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலது கைப் பக்கம். இரண்டு கைகளும் மாறி மாறி வேலை செய்யும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 'அம்மா' என்று எழுத எத்தனை விசை தட்ட வேண்டும் தெரியுமா? அ, ம, ம, ஆ... நான்குதான்! ஒரே எழுத்து இரண்டு தடவை வந்தால், முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி விழும். 'தம்பி'க்கு த, ம, ப, இ. 'பந்து'க்கு ப, ந, த, உ. ஏன் இங்கேயும் தானாகப் புள்ளி விழுகிறது? ம-வுக்குப் பின் ப, ந-வுக்குப் பின் த, ங-வுக்குப் பின் க என்று வந்தால் முன்னதற்குப் பெரும்பாலும் புள்ளிதான் வரும். நீங்கள் இலக்கண வகுப்பில் கொட்டாவி விட்டுக்கொண்டே படிக்கும் இன எழுத்துகள்தான் இவை! நம் இலக்கணமே இங்கே ஷார்ட்கட்டாக வேலை செய்கிறது.

கீபோர்டில் எஃப், ஜே என்ற இரண்டு விசைகளைத் தடவிப் பாருங்கள். சின்னதாக ஒரு மேடு இருக்கும். விரலை எங்கே வைக்க வேண்டும் என்று பார்க்காமலேயே தெரிந்துகொள்ளத்தான் அது. தமிழ் 99-ல் அந்த எஃப் விசைதான் புள்ளி! தடவினாலே தெரியும் இடத்தில் புள்ளியை வைத்திருக்கிறார்கள்.

இனி, உங்களுக்கான பாடம். கத்தரித்து மேஜைக்கு மேல் ஒட்டிக்கொள்ளுங்கள். இவை விண்டோஸ் கம்ப்யூட்டருக்கானவை.

கன்ட்ரோல் + எஸ்: சேமிக்க. பத்து வரிக்கு ஒரு தடவை தட்டுங்கள். டீச்சர் கதை ஞாபகம் இருக்கட்டும்!

கன்ட்ரோல் + இசட்: தெரியாமல் செய்த தப்பைத் திரும்பப் பெற. கன்ட்ரோல் + ஒய் தட்டினால், திரும்பப் பெற்றது மறுபடி வரும்.

கன்ட்ரோல் + எஃப்: நீளமான பக்கத்தில் ஒரு சொல்லைத் தேட.

ஆல்ட் + டேப்: திறந்திருக்கும் வேலைகளுக்கு இடையே தாவ.

கன்ட்ரோல் + ஷிப்ட் + டி: இன்டர்நெட்டில் கை தவறி மூடிய பக்கத்தைத் திரும்பத் திறக்க.

விண்டோஸ் விசை + எல்: எழுந்து போகும்போது கம்ப்யூட்டரைப் பூட்ட.

எஃப் 2: கோப்பின் பெயரை மாற்ற.

மவுஸிலும் உண்டு. ஒரு சொல்லின் மேல் இரண்டு முறை கிளிக் செய்தால் அந்தச் சொல் முழுவதும் தேர்வாகும். மூன்று முறை கிளிக் செய்தால் பத்தி முழுவதும். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு நடுச் சக்கரத்தை உருட்டினால் எழுத்து பெரிதாகும், சிறிதாகும். தாத்தா, பாட்டிக்கு இதைச் செய்து காட்டுங்கள், கண்ணாடியைத் தேட மாட்டார்கள்.

ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை. ஷிப்ட் + டெலீட் தட்டினால் கோப்பு குப்பைத் தொட்டிக்குக் கூடப் போகாது. நேராகப் போயே போய்விடும். அதில் விளையாட வேண்டாம்.

"இதெல்லாம் வேகத்துக்காகத்தானே டீச்சர்? எனக்கு அவசரமே இல்லையே" என்று யாராவது கேட்கலாம். வேகம் மட்டும் என்றால் நான் இவ்வளவு நேரம் பேசியிருக்க மாட்டேன்.

பள்ளிக் கம்ப்யூட்டர் அறையை நினைத்துப் பாருங்கள். ஒரு கம்ப்யூட்டர், மூன்று நான்கு பேர். மவுஸைப் பிடித்தவன் ராஜா. மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அந்த வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் பெரும்பாலும் யார் நிற்பார்கள்? கூச்சப்படும் பிள்ளைகள், பின் பெஞ்ச் பிள்ளைகள், பல நேரம் பெண் பிள்ளைகள். நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். மவுஸ் பழுதாகிவிட்டது என்றால் வகுப்பே நிற்க வேண்டாம். கீபோர்டு தெரிந்தவர் கையில் வேலை ஓடும்.

இன்னொன்று. பார்வை இல்லாதவர்கள் கம்ப்யூட்டரை எப்படி இயக்குகிறார்கள்? திரையில் அம்புக்குறி எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. மவுஸால் பயன் இல்லை. கீபோர்டு விசைகள்தான் அவர்களுக்கு வழி. திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் 'என்விடிஏ' என்ற இலவச மென்பொருளை 2006-ல் எழுதத் தொடங்கியவர் மைக்கேல் கர்ரன் என்ற ஆஸ்திரேலிய இளைஞர். பிறகு ஜேம்ஸ் டே என்ற நண்பரும் சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வை இல்லாதவர்கள்! நமக்குக் குறுக்கு வழியாக இருப்பது சிலருக்கு ஒரே வழி. இதை மறக்காதீர்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. கன்ட்ரோல் + சி, கன்ட்ரோல் + வி இரண்டும் தெரிந்த பிறகு ஒரு ஆசை வரும். இன்டர்நெட்டில் இருக்கும் கட்டுரையை அப்படியே எடுத்து வீட்டுப்பாடத்தில் ஒட்டிவிடலாமே! இப்போது கேட்ட உடனே கட்டுரை எழுதிக் கொடுக்கும் செயலிகளும் வந்துவிட்டன. செல்லங்களே, நான் முப்பது வருடம் திட்டிய குறுக்கு வழி இதுதான். டெஸ்லர் வெட்டி ஒட்டும் வழியைக் கண்டுபிடித்தது, எழுதுபவர் தம் எழுத்தைச் சீராக்கிக்கொள்ளத்தான். விரலின் வேலையைக் குறைக்கும் குறுக்கு வழி நல்லது. மூளையின் வேலையைத் திருடும் குறுக்கு வழி கெட்டது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் நீங்கள் கெட்டிக்காரர்கள்.

"எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரே இல்லையே டீச்சர்" என்று ஒரு குரல் கேட்கிறது. வருத்தப்படாதே கண்ணு. ஒரு அட்டையில் கட்டம் போட்டுத் தமிழ் 99 விசைகளை வரைந்துகொள். உன் பெயரை அதில் தட்டிப் பழகு. வாய்ப்பாடு பழகியது மாதிரி இதுவும் பழகும். பள்ளியில் கம்ப்யூட்டர் முன் உட்காரும் அந்த ஐந்து நிமிடத்தில், உன் விரல் உனக்கு முன்னால் ஓடும்.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: "தொடாதே, கெட்டுப்போய்விடும்" என்று பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தாதீர்கள். தப்பாகத் தட்டினால் திரும்பப் பெற கன்ட்ரோல் + இசட் இருக்கிறது. தள்ளி நின்றே போன வருடங்களைத் திரும்பப் பெற எந்த விசையும் இல்லை.

வாரத்துக்கு ஒரு ஷார்ட்கட் போதும். கற்றதை அன்றைக்கே ஒருவருக்குச் சொல்லிக் கொடுங்கள். எனக்குச் சொல்லிக் கொடுத்த அந்தப் பையனைப் போல... சிரிக்காமல், பொறுமையாக!

என்ன, இன்றே கன்ட்ரோல் எஸ்ஸில் ஆரம்பிக்கலாமா?

அன்புடன்,
உங்கள் டீச்சர், வேடசந்தூர்.