முள் ஏறினால் போதுமா?

சொந்தமாக ஆண்டெனா ஆம்ப்ளிஃபயர் கட்டும் சிற்றலை நேயர்களில் பலருக்கும் சிக்னலின் வலுவைக் காட்டும் எஸ் மீட்டர் முள் ஏறிவிட்டால் வென்றாயிற்று என்ற எண்ணம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அறிவிப்பாளர் குரலும் இரைச்சலும் சேர்ந்தே ஏறினால் காதுக்கு என்ன லாபம்? 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, எங்கோ வெட்டும் மின்னலும் பக்கத்து வீட்டு எல்இடி விளக்கும் தரும் இரைச்சலே நல்ல ரிசீவரின் உள் இரைச்சலைவிடப் பெரியது. நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் டயல் முள்ளை நிறுத்தி, ஆண்டெனாவைக் கழற்றி மாட்டுங்கள். மாட்டும்போது இரைச்சல் தெளிவாகக் கூடுகிறதா? பெருக்கம் அவ்வளவு போதும்.

அதற்கு மேலே போனால் பொய் நிலையங்கள் முளைக்கும். தூத்துக்குடி வானொலியின் மத்திய அலை ஒலிபரப்பு 1053 கிலோஹெர்ட்ஸில், 200 கிலோவாட் திறனில் அமைந்தது. அந்தப் பக்கத்தில் நீளக் கம்பி கட்டியவரின் ஆம்ப்ளிஃபயர் டிரான்சிஸ்டர் அந்த வலுவில் திணறினால், இருமடங்கான 2106-லும் அதே நிகழ்ச்சி கேட்கும். வலுவான இரண்டு நிலையங்கள் உள்ளே கலந்தால் இன்னும் பல இடங்களில் பொய்க்குரல்கள் தலைகாட்டும்.

இந்தப் பொய்க்குரலைப் பிடிக்க மூன்று ரெசிஸ்டர் போதும். தொடராக 68 ஓம், அதன் இருபுறமும் தரைக்கு 100 ஓம்: 50 ஓம் கேபிளில் ஏறத்தாழ 10 டெசிபல் குறைக்கும் அட்டென்யுவேட்டர் தயார். அதை ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் போடுங்கள். உண்மையான நிலையம் 10 டெசிபல் குறையும். உள்ளே பிறந்த இரட்டிப்பு 20 குறையும்; இரண்டு நிலையங்கள் கலந்து பிறக்கும் மூன்றாம் வரிசைக் கலப்பு 30 வரை குறையும். 2106-ல் கேட்பதும் 10 மட்டுமே குறைந்தால், அது வெளியிலிருந்தே வருகிறது.

பிறகு அதே அட்டென்யுவேட்டரை ஆம்ப்ளிஃபயருக்கும் ரிசீவருக்கும் நடுவில் மாற்றுங்கள். பொய்க்குரல் இப்போது 10 மட்டும் குறைந்தால் குற்றவாளி ஆம்ப்ளிஃபயர். 20 அல்லது 30 குறைந்தால் ரிசீவர். விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் வேறு சோதனை எனக்குத் தெரியாது.

ரிசீவர் திணறினால் அட்டென்யுவேட்டரை அங்கேயே விட்டுவிடலாம். ஆம்ப்ளிஃபயர் என்றால், மத்திய அலையைத் தடுக்கும் ஃபில்டரை அதன் முன்னால் சேர்க்க வேண்டும். குச்சி ஆண்டெனாவாக இருந்தால் குச்சியைக் குட்டையாக்கலாம். பேட்டரியை மிச்சப்படுத்த டிரான்சிஸ்டரின் கரண்டைக் குறைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். கரண்ட் குறைந்தால் வலுவான சிக்னலைத் தாங்கும் சக்தியும் குறைகிறது.

பெருக்கத்தின் இறுதி அளவைப் பகலில் முடிவு செய்யாதீர்கள். இருட்டிய பிறகு தொலைதூர மத்திய அலை நிலையங்களும் வந்து சேரும். அப்போது ஒரு முறை சோதித்துவிட்டுப் பெட்டியை மூடுங்கள்.