ஷெட்யூலா, ஸ்கெட்யூலா?

விருத்தாசலத்துப் பீங்கான் சூளைத் தொழிலாளி 'செராமிக்' என்பதை மூன்று அசையும் சமமாகச் சொல்கிறார். நடு அசையை அழுத்தணுமாம். அழுத்தம் மாறினால் பொருள் மாறாத தமிழில் பழகிய நாக்கு நமது.

வெள்ளைக்காரன் நாக்கு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்குதா? 'பால்கனி'யிலும் முன்பு நடு அசையைத்தான் அழுத்தினார்கள். அழுத்தம் முதல் அசைக்குத் தாவியபோது குமட்டுகிறது என்றார் கவிஞர் சாமுவேல் ரோஜர்ஸ். அவர் செத்தது 1855இல். இன்றைக்கு எவனுக்கும் குமட்டலை. 1935 சட்டம் நம்மேல் ஒட்டிய 'ஷெட்யூல்டு' என்ற சொல்லையே லண்டன் இளசுகள் பலர் அமெரிக்காக்காரன் மாதிரி 'ஸ்கெட்யூல்டு' என்கிறார்கள். அதற்குப் பேர் மொழி வளர்ச்சி. சேரிப்பிள்ளை மாற்றிச் சொன்னால் மட்டும் கொச்சையா?

நேர்காணல் மேசைக்குப் பின்னாலிருக்கும் காது, பிள்ளை எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்றுதான் உச்சரிப்பில் துழாவுகிறது. புரிகிற மாதிரிப் பேசினால் போதும் என்று விதியிலேயே எழுதச் சொல்லிக் கேட்போம், தோழர்களே.