பரவியதா, பரவவில்லையா?

 

மறைமலை நகரிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் என் முன் இருக்கின்றது. பல்லாண்டுகளாகப் பாக்கும் புகையிலையும் மென்று வந்த அவருடைய கணவரின் கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத புண். சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. கழுத்தையும் சேர்த்து சி.டி. ஸ்கேன் எடுத்து வருமாறு மருத்துவர் பணித்துள்ளார். "புண் வாயில்தானே இருக்கின்றது, கழுத்தில் கட்டி ஏதுமில்லையே! மகளின் நிக்காஹ் முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்கிறார்களாம் வீட்டுப் பெரியவர்கள்.

சகோதரியே! ஒத்திப்போடாதீர்கள். சதைச் சோதனை நோய் இன்னதென்று கூறும். அது எதுவரை சென்றுள்ளது என்பதை ஸ்கேன்தான் கூறும். வாய்ப்புற்று பரவும்போது பெரும்பாலும் முதலில் சென்று தங்குமிடம் தாடையின் கீழும் கழுத்திலும் உள்ள நிணநீர்க் கணுக்களாகும். அவை சிறிதாக இருக்கையில் விரலுக்குத் தென்படா.

ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு பணி உண்டு. தாடை எலும்பு அரிக்கப்பட்டுள்ளதா, கணுக்கள் பருத்துள்ளனவா என்பதை சி.டி. ஸ்கேன் சில நிமிடங்களில் காட்டும். இதற்கென நரம்பில் மருந்து செலுத்துவர். சிறுநீரகக் கோளாறோ மருந்து ஒவ்வாமையோ இருப்பின் முன்னரே சொல்லிவிட வேண்டும். நாக்கில் புற்று எத்தனை ஆழம் இறங்கியுள்ளது என்பதை அறிய எம்.ஆர்.ஐ. சிறந்தது. அது காந்தத்தால் இயங்குவதால், உடலினுள் பேஸ்மேக்கரோ உலோகமோ இருப்பதை மறைக்கலாகாது. ஐயத்துக்குரிய கணுவை அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே ஊசியால் குத்திச் சோதிப்பதும் உண்டு. நோய் முற்றிய நிலையில், நுரையீரல் போன்ற தொலைவிலுள்ள உறுப்புகளையும் ஆராய பெட் ஸ்கேன் உதவும்.

ஆயினும் ஸ்கேனை முற்றும் நம்பிவிடவும் கூடாது. பல் சீழினாலும் கணு பருக்கலாம். சிறிய கணுவினுள் நோய் ஒளிந்தும் இருக்கலாம். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் நடைபெற்று 2015-இல் வெளியான ஓர் ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. தொடக்கநிலை வாய்ப்புற்று உடையோரில், கழுத்துக் கணுக்களையும் முதலிலேயே அகற்றிக்கொண்டவர்களுள் நூற்றுக்கு 80 பேர் மூன்றாண்டுகள் கடந்தும் உயிருடன் இருந்தனர். கழுத்தில் நோய் தோன்றியபின் அகற்றலாம் எனக் காத்திருந்தவர்களுள் அந்த அளவு 67.5 மட்டுமே. ஆகவே, "ஸ்கேனில் ஒன்றுமில்லையே, கழுத்தில் ஏன் கத்தி வைக்கின்றார்கள்?" என்று பிற்பாடு ஐயுறாதீர்கள்.

செலவை எண்ணி அஞ்சவும் வேண்டாம். உங்களுக்கு அருகிலேயே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. மின்சார ரயிலில் கிண்டியில் இறங்கினால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் தொலைவில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருப்பின், எவையெவை அதில் அடங்கும் என மருத்துவமனையிலேயே கேட்டறியுங்கள். எடுத்த படங்களைப் பத்திரப்படுத்துங்கள். சிகிச்சைக்குப்பின் ஒப்பிட்டுப் பார்க்க அவை தேவைப்படும்.

மற்றைய வாசகர்களே! இரு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்க இயலாத இறுக்கம், கழுத்தில் வலியில்லாத கட்டி இவற்றுள் எது கண்டாலும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். வலியில்லையே என வாளாவிருப்பதுதான் ஆபத்து.

இன்னொன்று. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அறிவித்துள்ளது. சகோதரியே, உங்கள் மகளின் திருமணம் குறித்த நாளில் நடக்கட்டும். ஸ்கேன் இந்த வாரமே நடக்கட்டும். வலீமா விருந்தில் பாக்குத் தட்டு மட்டும் இல்லாதிருக்கட்டும். உங்கள் கணவருக்கு இறைவன் நற்சுகம் அருள்வானாக!