கேளாமல் கிடைக்க வேண்டியது

பள்ளி வேலைநாள் ஒன்றின் முற்பகல். நடுநிலைப் பள்ளி ஒன்றில், தலைமையாசிரியர் அறைக்கு வெளியே கிடக்கும் விசிப்பலகையில் ஒரு தாய் அமர்ந்திருக்கிறார். மடியில் ஒரு துணிப்பை. அதனுள் மகனின் குறிப்பேடுகள், மருத்துவமனைச் சீட்டுகள், ஆதார் அட்டையின் நகல். தையல் நிலையத்தில் அன்றைய கூலியை இழந்து வந்திருக்கிறார். ஆறாம் வகுப்பில் பயிலும் அவர் மகன், ஒருமுறை கேட்ட கதையைப் பெயரும் ஊரும் பிசகாமல் திரும்பச் சொல்வான். சந்தையில் நான்கு பொருள்களின் விலையை மனத்திலேயே கூட்டிவிடுவான். பாடநூலின் ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னால் மட்டும் அவனுக்கு நா எழாது. எழுத்துக்கூட்டி ஒரு சொல்லைக் கடப்பதற்குள் வகுப்பு சிரித்து முடித்திருக்கும்.

இது எந்த ஊரில் என்று சொல்லத் தேவையில்லை. எந்த ஊரிலும் காணத்தக்க காட்சிதான். அந்தத் தாய் கேட்க வந்தவை மூன்று. வகுப்பில் எழுந்து நின்று உரக்கப் படிக்குமாறு அவனைப் பணிக்க வேண்டா. சிறப்புப் பயிற்றுநர் பள்ளிக்கு வரும் நாளில் அவனையும் பார்க்கச் செய்ய வேண்டும். தேர்வில் சிறிது கூடுதல் நேரம் வேண்டும்.

“சான்றிதழ் வைத்திருக்கிறீர்களா, அம்மா?” என்று கேட்கிறார் தலைமையாசிரியர்.

தாயிடம் சான்றிதழ் இல்லை. அதனை எங்கே பெறுவது என்பதும் அவருக்குத் தெரியாது. இக்காட்சியில் கொடியவர் எவரும் இலர். தலைமையாசிரியர் விதியைத்தான் சொன்னார். சான்று இன்றிப் பொதுத்தேர்வு விதிகளைத் தளர்த்தும் அதிகாரம் அவரிடம் இல்லை. எனினும் ஒன்று தலைகீழாக நிற்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக நாள்தோறும் அச்சிறுவனைக் கண்ணெதிரே கண்டுவந்த பள்ளி, அவனுக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்று எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அவன் தாயிடம் சான்று கேட்கிறது.

எழுத்தும் ஒலியும்

1896ஆம் ஆண்டு ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ என்னும் மருத்துவ இதழில் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். விளையாட்டில் சளைக்காதவன்; அறிவில் எவருக்கும் குறையாதவன்; கணக்கைத் தடையின்றிச் செய்பவன். ஆனால் பல ஆண்டுகள் கற்பித்த பின்னும் அவனால் எளிய சொற்களைப் படிக்க இயலவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். கற்பித்தல் முழுவதும் வாய்மொழியாக மட்டுமே நடக்குமானால் பள்ளியிலேயே சிறந்த மாணவன் அவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கருதியதையும் மார்கன் பதிவுசெய்தார். இன்று டிஸ்லெக்சியா எனவும், சட்டமொழியில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்பதன் ஒரு வகை எனவும் அறியப்படும் நிலையைக் குறித்த தொடக்கக்காலப் பதிவுகளுள் அது ஒன்று. நூற்றாண்டுக்கு முந்தைய அந்த ஆசிரியருக்குப் புலப்பட்டது, இன்றைய முன்னேற்ற அறிக்கைகளில் ‘கவனம் போதாது’, ‘இன்னும் முயலவேண்டும்’ என்னும் இரண்டு தொடர்களுக்குள் மறைந்துபோகிறது.

இது கண்ணின் பழுதன்று, சோம்பலும் அன்று. ஒலியையும் அதற்குரிய வரிவடிவத்தையும் விரைந்து இணைக்கும் செயல் அக்குழந்தையின் மூளையில் வேறுவகையில் நிகழ்கிறது. தமிழ் எழுத்து எளிது, எழுதியவாறே படிக்கலாம் என்று சொல்வது வழக்கம். பெரும்பாலும் உண்மைதான். ஆயினும் ‘கெ’ என்னும் எழுத்தைப் பாருங்கள். செவியில் முதலில் விழுவது ககர மெய். கண்ணில் முதலில் படுவதோ ஒற்றைக் கொம்பு. ‘கொ’ என்பதில் ஓர் உயிரின் குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. ‘கௌ’ என்பதன் இறுதியில் நிற்கும் குறியும் ளகரமும் ஒரே வடிவின. ல, ள, ழ என்றும், ந, ன, ண என்றும், ர, ற என்றும் நெருங்கி ஒலிக்கும் எழுத்துகள் வேறு. இவற்றையெல்லாம் பிற குழந்தைகள் தம்மை அறியாமலே கடந்துவிடுகின்றனர். ஒரு குழந்தை மட்டும் ஒவ்வொரு கொம்பின் முன்னும் நின்று வழி கேட்க வேண்டியிருக்கிறது.

எட்டும் ஏழும் இருபத்தொன்றும்

புறநானூற்றின் 28ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், மனிதப் பிறப்பில் நேரும் குறைகளை எட்டு வகையாக எண்ணிக் காட்டுகிறார். 1995ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் ஏழு வகைகளை ஏற்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அதனை 21 ஆக்கியது. கற்றல் குறைபாடு இந்தப் பட்டியலில்தான் தனக்கெனத் தனியிடம் பெற்றது. அதுவரை அக்குழந்தைகள் சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படவில்லை. வகுப்பில் அவர்களுக்கு வேறு பெயர்கள் இருந்தன.

அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு கல்வி நிறுவனங்களின் கடமைகளைக் கூறுகிறது. பாகுபாடின்றிச் சேர்த்தல், கட்டடத்தை எளிதில் அணுகத்தக்கதாக்குதல், ஒவ்வொருவரின் தேவைக்கும் ஏற்ற உதவி அளித்தல் ஆகியவற்றோடு, கற்றல் குறைபாட்டை இயன்ற அளவு விரைவில் கண்டறிதலும் அக்கடமைகளுள் ஒன்றாகும். கண்டறிய வேண்டியது யார் என்பதில் சட்டத்துக்கு ஐயமில்லை. 2018 ஜனவரியில் மைய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு நெறிமுறை இதனை மேலும் விளக்கியது: அரசுப் பள்ளியாயினும் தனியார் பள்ளியாயினும் தலைமையாசிரியரின் தலைமையில் ஒரு குழு அமைய வேண்டும், மூன்றாம் வகுப்பிலோ எட்டு வயதிலோ, எது முந்தியதோ அப்போது, ஆசிரியரே வினாப்படிவத்தின் வழியே குழந்தைகளை ஆராய வேண்டும், ஐயம் எழுந்தால் குழந்தைநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டியவர் தலைமையாசிரியர்.

இவ்விதியை அந்த விசிப்பலகையின் அருகே வைத்துப் பார்த்தால் முறைமாற்றம் விளங்கும். பள்ளி தாயை அழைத்துச் சொல்லியிருக்க வேண்டும். தாய் பள்ளிக்கு வந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். அதுவும் மூன்று ஆண்டுகள் கழித்து.

கேட்பவர்க்கே கிடைக்கும் என்னும் முறை பார்வைக்கு நடுநிலையானது. உண்மையில் அது பெற்றோரைத் தரம் பிரிக்கிறது. விதியின் எண்ணைக் குறிப்பிட்டு விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர், நகரத்தில் உளவியலாளரைத் தேடிப் பணம் கட்ட வல்லவர், அலுவலகத்தில் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் போய் நிற்க விடுப்புக் கிடைப்பவர் ஆகியோரின் குழந்தைக்குக் குறைபாட்டின் பெயர் கிடைக்கிறது. மற்றவர் குழந்தைக்கு ‘மக்கு’ என்னும் பெயர் கிடைக்கிறது. இரு குழந்தைகளின் மூளையிலும் வேறுபாடு ஒன்றுமில்லை. கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள நாட்டில், குழந்தையின் கல்வி தாயின் விண்ணப்பத் திறனைச் சார்ந்திருப்பது முறையாகாது.

ஆசிரியரின் மேசை

ஆசிரியர் தரப்பில் சொல்லப்படுவதையும் கேட்டாக வேண்டும். நாற்பது பேர் அமர்ந்த வகுப்பு, முடிக்க வேண்டிய பாடப்பகுதி, நிரப்ப வேண்டிய பதிவேடுகள். இவற்றுக்கிடையே ஒரு குழந்தையின் தடுமாற்றத்துக்குக் காரணம் தேட நேரம் ஏது? இக்கேள்வியைத் தட்டிக்கழிப்பு என்று ஒதுக்குவது நேர்மையன்று. சிறப்புப் பயிற்றுநர்கள் பலர் வட்டார வள மையத்திலிருந்து பள்ளி பள்ளியாகச் சுழன்று வருகின்றனர், தொகுப்பூதியத்தில் பணிபுரிகின்றனர். தொடக்க நிலையில் இத்தகைய மாணவர் 10 பேருக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்னும் அளவில் சிறப்பாசிரியர் இருக்க வேண்டும் என 2021இல் உச்ச நீதிமன்றம் கூறியது. வாரத்தில் ஒரு நாள் வந்துபோகும் பயிற்றுநரைக் கொண்டு அந்த அளவை எட்ட இயலாது. ஆகவே குறை ஆசிரியரின் மனத்தில் மட்டும் இல்லை; ஆள் நியமனத்திலும் நிதி ஒதுக்கீட்டிலும் இருக்கிறது. ஆனால் அக்குறையின் சுமையைத் தூக்கிக்கொண்டு அலைபவர் ஒரு தையல் தொழிலாளி என்பதே இங்குள்ள கொடுமை.

இது நியாயமா?

பதினோராம் வகுப்புக்கு வந்திருக்கும் மாணவர் எவரும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைக் கடந்தே வந்திருப்பர். அத்தேர்வில், தனியறையில் அமர்ந்து ‘சொல்வதை எழுதுபவர்’ ஒருவரின் துணையோடு எழுதிய மாணவரையோ, மணி அடித்த பின்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக எழுதிய மாணவரையோ சிலர் கண்டிருக்கலாம். செவித்திறன் குறைந்தோர்க்கும் டிஸ்லெக்சியா உடையோர்க்கும் ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கும் உண்டு. “எங்களுக்கும் ஒரு மணி நேரம் கொடுத்தால் நாங்களும் கூடுதலாக மதிப்பெண் பெறுவோமே” என்னும் முணுமுணுப்பு எழுவது இயல்பு. அதனைப் பொறாமை என்று கடிந்து அடக்குவதைவிட, விடை சொல்வதே தகும்.

வரலாற்றுத் தேர்வு எதனை அளக்கிறது? வரலாற்று அறிவையா, கை எழுதும் விரைவையா? முன்னது என்றால், விரைவின்மையால் ஒருவரின் அறிவு வெளிப்படாமல் போகும்போது அத்தேர்வு தான் அளக்க வேண்டியதை அளக்கத் தவறுகிறது. கூடுதல் நேரம் அம்மாணவருக்கு விடையைத் தருவதில்லை. அவர் அறிந்த விடை தாளில் வந்து சேர வழி தருகிறது. தட்டச்சுத் தேர்வில் கூடுதல் நேரம் கேட்டால் அது வேறு வழக்கு. அங்கே அளக்கப்படுவதே விரைவுதான்.

தமிழ் மரபுக்கு இது புதியதன்று. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவர் பிறவியிலேயே பார்வையற்றவர். தம் முதுகில் எழுத்துகளை எழுதச் செய்து அவர் கல்வி பயின்றார் என்று அவருடைய வரலாறு கூறுகிறது. ஓலையைக் காண இயலாதவருக்கு முதுகே ஓலையாயிற்று. அவ்வாறு கற்றவரே சேயூர் முருகன் பிள்ளைத்தமிழ் பாடினார். அவருடைய பாடலைப் படிப்போர் எவரும், முதுகில் எழுதிக் கற்றதற்காக அதன் சிறப்பில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்வதில்லை.

ஆயினும் அரசாணைகளிலும் பேச்சிலும் இவ்வுதவிகளுக்குச் ‘சலுகை’ என்றே பெயர். ‘ஊனமுற்றோர்’ என்னும் சொல்லை அகற்றி ‘மாற்றுத்திறனாளி’ என்னும் சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தவர் கலைஞர் மு. கருணாநிதி. ஆளைக் குறிக்கும் சொல் மாறிவிட்டது. அவருக்குச் சேர வேண்டியதைக் குறிக்கும் சொல் மாறவில்லை. சலுகை என்பது கொடுப்பவரின் இரக்கத்தைச் சார்ந்தது. மறுத்தாலும் தவறில்லை என்னும் பொருள் அதனுள் ஒளிந்திருக்கிறது. சட்டம் தந்திருப்பது அதுவன்று.

பெற்றோர் கட்டிய பள்ளிகள்

கேட்டுக் கிடைக்காதபோது தாமே பள்ளி தொடங்கிய பெற்றோரும் உளர். மூளை முடக்குவாதம் உடைய தம் மகள் மாலினிக்கு ஏற்ற பள்ளி இல்லாமையால், மிது ஆலூர் 1970களின் தொடக்கத்தில் மும்பையில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அம்மகள் பின்னாளில் தம் வரலாற்றைத் தாமே நூலாக எழுதினார். அதே நிலையில் இருந்த மகனின் தாயான பூனம் நடராஜன், 1985இல் சென்னையில் தொடங்கிய நிறுவனம் இன்று வித்யாசாகர் என்னும் பெயரில் இயங்குகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பெற்றோர் சங்கம் ஒன்று 1971இல் அம்மாநில அரசின் மீது வழக்குத் தொடுத்து, அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகளுக்கும் பொதுப்பள்ளிக் கதவைத் திறக்கச் செய்தது.

இவ்வரலாறுகள் போற்றத்தக்கவை. ஆனால் மேடைகளில் இவை சொல்லப்படும் முறையில் ஓர் இடர் உண்டு. பள்ளி மறுத்தால் புதிய பள்ளியே கட்டிவிடும் ஆற்றல் தாய்மைக்கு இயல்பாகவே உண்டு என்பதுபோல் பேசப்படுகிறது. எல்லாப் பெற்றோராலும் அது இயலாது. இயல வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் அறமன்று. பெரும்பாலோர்க்குத் தேவை, தம் தெருவில் இருக்கும் பள்ளி தம் குழந்தைக்கும் பள்ளியாக இருப்பதுதான்.

மீண்டும் அந்தத் தலைமையாசிரியர் அறைக்குச் செல்லலாம். தாய் கேட்ட மூன்றனுள் சான்றிதழ் இன்றியமையாதது ஒன்றுக்கே. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் பெற மருத்துவக் குழுவின் சான்று வேண்டும்; அதற்குரிய பரிந்துரைக் கடிதத்தைப் பள்ளியே எழுதி, எந்த மருத்துவமனை, எந்தக் கிழமை, யாரைப் பார்க்க வேண்டும் என்பதை ஒரு தாளில் குறித்துத் தாயிடம் கொடுக்கலாம். சிறப்புப் பயிற்றுநர் வரும் நாளில் அவனையும் பார்க்கச் செய்ய, வட்டார வள மையத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். எஞ்சிய ஒன்று, வகுப்பின் நடுவே எழுந்து நின்று உரக்கப் படிக்கும்படி அவனைப் பணிக்காதிருத்தல். அதற்குக் கடிதமும் வேண்டா, மருத்துவரும் வேண்டா. அன்று பிற்பகல் தமிழ்ப் பாடவேளையிலேயே அதனைத் தொடங்கிவிடலாம்.