சீரியல் கூட்டத்தில் நிற்பவர் யாருடைய தொழிலாளி? புதிய சட்டம் சொல்வது என்ன?

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்து வைத்த புத்தகங்கள்தான் இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. அந்தச் சேகரிப்பில் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களும் உண்டு. படமே தொலைந்து போயிருந்தாலும், யார் யார் நடித்தார்கள் என்று அவற்றில் தேடிப் பார்க்கலாம். ஆனால் கூட்டத்தில் நின்றவரின் பெயரை அங்கேயும் எதிர்பார்க்க முடியாது. டிவி சீரியலில் கேட்கவே வேண்டாம்!

செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் கல்யாண சீன் என்றால் பந்தியில் உட்கார ஆள் வேண்டும். வாய் அசைய வேண்டும், சத்தம் வரக்கூடாது. இவர்கள்தான் ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்கள். நாயகனின் சட்டையைப் போட்டுக்கொண்டு முதுகை மட்டும் காட்டுபவர் டூப். லைட்டிங் சரிபார்க்க நடிகருக்குப் பதில் நிற்பது ஹாலிவுட்டில் தனி வேலை. நம்மூரில் பெரும்பாலும் உதவி இயக்குநரையே நிற்க வைத்துவிடுவார்கள்.

விஜய் சேதுபதியும் இப்படி வந்தவர்தான். ‘புதுப்பேட்டை’யில் (2006) சின்ன வேடம், சன் டிவியின் ‘பெண்’ தொடர் என்று அலைந்த பிறகுதான், 2010-ல் ‘தென்மேற்குப் பருவக்காற்று’ நாயகன் ஆனார். வாய்ப்பு தேடி வருபவர்களிடம் எல்லோரும் இந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். அவரோடு அதே ஃபிரேமில் நின்ற மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

சிக்கல் புகழில் இல்லை, ஆதாரத்தில் இருக்கிறது. 2025 ஜூலை 13 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் பா.ரஞ்சித்தின் ‘வேட்டுவம்’ படப்பிடிப்பில், கார் சண்டைக் காட்சியின்போது ஸ்டண்ட் கலைஞர் ராஜு உயிரிழந்தார். துறையில் அறியப்பட்டவர் என்பதால் நாடு முழுக்கச் செய்தியானது. பந்தி சீனில் வழுக்கி விழுந்து ஒருவருக்குக் கை உடைந்தால்? அன்று அவர் அங்கே வேலை பார்த்தார் என்பதையே முதலில் நிரூபிக்க வேண்டும்.

1981-ம் ஆண்டின் சினிமா தொழிலாளர் சட்டம் முழுநீளத் திரைப்படங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. சீரியலுக்கு அதில் இடமில்லை. அதற்குப் பதிலாக வந்திருப்பது, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் தொகுப்பு. இதில் ‘ஒலி-ஒளி தொழிலாளர்’ என்று ஒரு பிரிவு இருக்கிறது. நேரடியாக எடுத்தாலும் ஒப்பந்ததாரர் மூலம் எடுத்தாலும், எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. அரசு அறிவிக்கும் ஊதிய வரம்புக்குள் இருப்பவர்களுக்கே இது பொருந்தும். ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்டுக்கு அந்த வரம்பு பெரிய தடையாக இருக்காது.

நடைமுறைதான் இடிக்கிறது. தயாரிப்பு நிறுவனம் ஏஜென்ட்டிடம் சொல்கிறது, ஏஜென்ட் ஆட்களைக் கூட்டி வருகிறார், சாயங்காலம் சம்பளம் கைக்கு வருகிறது. ஒரு நாள் வேலைக்கு யார் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதுவார்கள்? வெளியூர் ஷூட்டிங் என்றால் இன்னும் மோசம். அந்த ஊர்க்காரர்களையே நிற்க வைத்தால் அவர்களுக்குச் சங்க அட்டைகூட இருக்காது. ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜும், சம்பளம் ஜிபேயில் வந்திருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்டும்தான் இப்போதைக்கு அவர்கள் கையில் இருக்கக்கூடிய ஆதாரம்.