சூனேம் பெண்ணின் வழக்கு



இறைவாக்கினர் எலிசா, சூனேம் ஊர்ப் பெண்ணின் இறந்த மகனுக்கு உயிரளித்த நிகழ்வை நாம் அறிவோம். அப்பெண்ணின் பிற்கால வரலாறு பலர் அறியாதது. அது அரசர்கள் இரண்டாம் நூலின் எட்டாம் அதிகாரத் தொடக்கத்தில் உள்ளது. பஞ்சம் வருமுன் புறப்பட்டுச் செல்லுமாறு எலிசா எச்சரிக்க, அவர் குடும்பத்தோடு பெலிஸ்தியர் நாட்டில் ஏழு ஆண்டுகள் தங்குகிறார். திரும்பி வந்தபோது வீடும் நிலமும் அவர் கையில் இல்லை. அவர் நேரே அரசனிடம் சென்று முறையிடுகிறார். அரசனோ ஓர் அதிகாரியை நியமித்து, அவருக்குரிய அனைத்தையும் திருப்பித் தருமாறு ஆணையிடுகிறான். அத்துடன், அவர் வெளியேறிய நாள்முதல் அந்நாள்வரை நிலம் ஈந்த விளைச்சலின் பயனையும் கொடுக்கச் சொல்கிறான்.

அப்பெண் கேட்டது நீதி. பெற்றதும் நீதியே. அங்கே இரக்கத்தால் இடப்பட்ட நிவாரணப் பொதி எதுவுமில்லை. இடம்பெயர்ந்தவருக்கு நாம் செய்வது தருமமா, அல்லது அவருக்குரியதைத் திருப்பித் தருதலா என்ற வினாவுக்குத் திருவிவிலியம் தரும் தெளிவான விடை இதுவே.

உலகச் சட்டம் இவ்விடையை நெருங்குவதற்கு நெடுங்காலம் எடுத்தது. 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை நாட்டின் எல்லையைக் கடந்தவரையே அகதி என ஏற்றது. 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவகத்தில் இறங்கியபோதும், 1991 ஒக்டோபரில் மீண்டும் தீவுகளைக் கைப்பற்றியபோதும், ஊர்காவற்றுறையையும் வேலணையையும் புங்குடுதீவையும் விட்டு யாழ்ப்பாணத்திற்கு ஓடிய எம் மக்கள் எந்த எல்லையைக் கடந்தார்கள்? கடல்நீரேரியைத்தான் கடந்தார்கள். ஆகவே சட்டத்தின் கண்ணில் அவர்கள் அகதிகள் அல்லர்.

1949 ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் அனைத்திற்கும் பொதுவான மூன்றாம் உறுப்புரை, உள்நாட்டுப் போரிலும் ஆயுதம் ஏந்தாதோரைக் கொல்வதைத் தடைசெய்கிறது. 1977 ஆம் ஆண்டின் இரண்டாம் மேலதிக நெறிமுறை, மக்களின் பாதுகாப்போ கட்டாய இராணுவத் தேவையோ இன்றி அவர்களை வெளியேறக் கட்டளையிடலாகாது என்கிறது. இலங்கை அதில் இணையவில்லை. 1998 இல்தான் சூடான் நாட்டவரான பிரான்சிஸ் டெங், உள்நாட்டில் இடம்பெயர்ந்தோருக்கான முப்பது வழிகாட்டிக் கோட்பாடுகளை ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைகள் ஆணைக்குழு முன் வைத்தார். காணாமற்போன உறவினரின் நிலையை அறியும் உரிமையைப் பதினாறாம் கோட்பாடு கூறுகிறது. விரும்பி, பாதுகாப்போடும் மாண்போடும் திரும்பும் உரிமையை இருபத்தெட்டாம் கோட்பாடு கூறுகிறது. இருபத்தொன்பதாம் கோட்பாடோ, விட்டுச்சென்ற உடைமையை மீட்டுக்கொடுப்பதும், இயலாதபோது இழப்பீடு பெற உதவுவதும் அதிகாரிகளின் கடமை என்கிறது. சூனேம் பெண்ணுக்கு அரசன் நியமித்த அதிகாரியை இவ்வரிகளில் நாம் காணவில்லையா?

எனினும் கோட்பாடு உடன்படிக்கை ஆகாது. எந்த அரசையும் அது நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை. ஆபிரிக்க நாடுகள் 2009 இல் கம்பாலாவில் இவற்றை உடன்படிக்கையாக்கின. 2012 இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆசியாவில் அத்தகைய உடன்படிக்கை இல்லை.

பாதுகாப்பில்லாத மக்களின் நிலை எத்தகையது என்பதற்கு அல்லைப்பிட்டியே சாட்சி. 2006 ஆகஸ்ட் 13 அன்று புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது எறிகணைகள் வீழ்ந்தன. பதினைந்து பேரேனும் உயிரிழந்தனர். எஞ்சியோரை ஊர்காவற்றுறைக்குச் செல்ல வழிநடத்தியவர் பங்குத்தந்தை அருட்தந்தை ஜிம் பிரவுண். ஆகஸ்ட் 20 அன்று அவரும் உடன்சென்ற ஒருவரும் காணாமற்போயினர். மந்தையைக் காத்த ஆயன் எங்கே? இவ்வினாவுக்கு விடை கேட்பது பழிவாங்கும் எண்ணம் அன்று. பதினாறாம் கோட்பாடு ஒவ்வொரு குடும்பத்திற்கும் தரும் உரிமை அது.

போர் ஓய்ந்தபின் வழக்கு காணிக்கு வந்து நிற்கிறது. பத்து ஆண்டுகள் இடையூறின்றி உரிமையாளருக்கு எதிராகக் காணியை ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம் என்பது இந்நாட்டின் பழைய சட்டம். ஓடியவரால் எவ்வாறு இடையூறு செய்ய இயலும்? இவ்வநீதியை உணர்ந்து, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை இடம்பெயர்ந்தோருக்கு எதிராகக் கணக்கிடலாகாது என 2016 இல் ஒரு சிறப்புச் சட்டம் இயற்றப்பட்டது. நல்ல சட்டந்தான், ஆயின் அது அளித்த அவகாசம் குறுகியது. பாரிசிலும் ரொறன்ரோவிலும் வாழும் எத்தனை தீவக உறவுகள் அதைக் கேள்வியுற்றிருப்பார்கள்? மண்டைதீவிலோ கடற்படை முகாமுக்காகத் தனியார் காணிகளை அளக்க முற்பட்டபோது, உரிமையாளர்கள் நேரில் நின்று தடுக்க வேண்டியதாயிற்று.

அரசை நோக்கிக் கேட்கும் நாம் நம்மையும் கேட்போம். ஆளில்லா வளவின் வேலியை ஒரு முழம் நகர்த்திய அயலவர் நம்முள் இல்லையா? கள்ள உறுதி முடித்தவர் இல்லையா? களவாகப் பெற்றதைத் திருப்பிக் கொடாமல் ஏழாம் கட்டளைக்கு எதிரான பாவத்திற்குப் பரிகாரம் இல்லை என்பது திருச்சபையின் படிப்பினை. சக்கேயு நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தது ஆண்டவர் அவர் வீட்டில் இருந்தபோதுதான். அவ்வாறே, 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் சகோதரர்களின் வழக்கும் சூனேம் பெண்ணின் வழக்கே. நமக்குக் கேட்கும் நீதியை அவர்களுக்கு மறுத்தால், நம் வாயே நமக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2020 இல் புலம்பெயர்ந்தோர் மற்றும் அகதிகள் நாளுக்கான தம் செய்தியை உள்நாட்டில் இடம்பெயர்ந்தோருக்கென்றே வழங்கினார். அதனைச் செயலாக்கப் பங்குகள் பெரிய திட்டங்களைத் தேட வேண்டியதில்லை. குடும்பங்கள் தம் காணி உறுதிகளைத் தேடி எடுத்துப் படியெடுத்து வைக்கட்டும். முதியோர் நினைவிலுள்ள எல்லைகளையும் அயற்காணிகளையும் இளையோர் எழுதி வைக்கட்டும். சட்டம் அறிந்தோர் மாதத்தில் ஒரு நாளேனும் பங்குமனையில் அமர்ந்து ஏழைகளுக்கு வழிகாட்டட்டும்.

சூனேம் பெண் முறையிடச் சென்ற வேளையில், எலிசாவின் பணியாளர் கேகசி அரசனிடம் அவரைப்பற்றியே பேசிக்கொண்டிருந்தார் என்கிறது இறைவார்த்தை. திரும்பி வரும் எம் மக்களுக்காகவும், வர இயலாதோருக்காகவும், காணாமற்போனோருக்காகவும் உரியவர்முன் பேசிக்கொண்டிருப்போராக நாம் இருக்க ஆண்டவர் அருள்புரிவாராக!